நினைவுக்கல்லில் 1890, வரலாற்று நூலில் 1886: எதை எழுதுவது?

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்க மலருக்காக மௌனப்பட நடிகை ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அவர் பிறந்த ஆண்டு ஓரிடத்தில் 1886 என்றும், இன்னோரிடத்தில் 1890 என்றும் இருக்கிறது. ஹாலிவுட்டில் உள்ள அவருடைய கல்லறையின் படத்தைப் பார்த்தேன். கல்லில் 1890 என்றே செதுக்கியிருக்கிறார்கள். அவர் இறந்துவிட்டதாகப் படக் கம்பெனியே புரளி கிளப்பியது, காரின் திரும்பும் சைகைக்கு அவர் பேட்டன்ட் வாங்கினார், ஏறக்குறைய 300 படங்களில் நடித்தார் என்றும் படிக்கிறேன். எதை நம்புவது? கல்லில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கல்லை நட்டது எப்போது என்று முதலில் பாருங்கள். ஃப்ளோரன்ஸ் இறந்தது 1938 டிசம்பரில். அவருடைய கல்லறை அரை நூற்றாண்டுக்கு மேல் பெயர்கூட இல்லாமல் கிடந்தது. நீங்கள் பார்த்த கல் 1991-இல் வைக்கப்பட்டது. அவர் மீது அபிமானம் கொண்ட ஒரு நடிகர் தன் பெயரைச் சொல்லாமல் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். ஆனால், பிறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின், அவரை நேரில் அறியாதவர்கள் பொறித்த எண் அது. கல்லில் இருக்கிறது என்பதால் அதற்குச் சாட்சியின் தகுதி வந்துவிடாது. கனடாவின் ஆண்டேரியோ மாநிலத்தில் ஹாமில்டன் நகரில் 1886 ஜனவரி 2-ஆம் தேதி பிறந்தார் என்று எழுதுங்கள்.

என் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம். நீங்களே சரிபார்க்கும் வழியைச் சொல்கிறேன். எந்தத் தகவலைக் கண்டாலும் மூன்றைக் கேளுங்கள்: இதை முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம்? ஒரே வரி பத்து இணையதளங்களில் இருந்தால் அவை பத்துச் சாட்சிகள் அல்ல. ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியதாகவும் இருக்கலாம்.

பிறப்புப் பதிவைத் தேடும்போது பலரும் முதல் படியிலேயே வழுக்குகிறார்கள். "லாரன்ஸ்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அது அவருடைய தாய் லோட்டா லாரன்ஸ் மேடையில் வைத்துக்கொண்ட பெயர். தாயின் உண்மைப் பெயர் சார்லட் பிரிட்ஜ்வுட். மகளின் பிறப்புப் பெயர் ஃப்ளோரன்ஸ் ஆனி பிரிட்ஜ்வுட். ஆண்டேரியோவில் 1869 முதலே பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்கிறார்கள். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி அந்தக் குடும்பப் பெயரின் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று விதமாகப் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கே கழித்தல் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. 1920-இன் அமெரிக்கக் கணக்கெடுப்பில், ஜனவரி 1 அன்று நிறைவடைந்த வயதைத்தான் குறிக்க வேண்டும் என்பது விதி. 1886 ஜனவரி 2-இல் பிறந்தவருக்கு அன்றைக்கு 33 தான் முடிந்திருக்கும்; மறுநாள்தான் 34. 1920-இலிருந்து 33-ஐக் கழிப்பவர் 1887 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஒரே ஒரு நாளால் ஓர் ஆண்டு பிசகுகிறது. 1910-இல் அந்தக் குறிப்பு நாள் ஏப்ரல் 15, 1930-இல் ஏப்ரல் 1. அந்த நாளை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வயதை மட்டும் கேட்ட பட்டியல்களைவிட, பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்ட 1900-இன் அமெரிக்கக் கணக்கெடுப்பும், பிறந்த தேதியையே கேட்ட 1901-இன் கனடாக் கணக்கெடுப்பும் அதிகம் பயன்படும்.

இன்னொன்று. நடிகை வளர வளர ஆவணங்களில் வயது குறைந்துகொண்டே வரும். இதற்காக அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. முப்பதைத் தாண்டினால் கதாநாயகி வேடம் கிடைக்காத தொழில் அது. ஆகவே, புகழ் வருவதற்கு முன் எழுதப்பட்ட ஆவணத்துக்கு எப்போதும் கூடுதல் எடை கொடுங்கள். இறப்புச் சான்றிதழ் கிடைத்தால், இறந்த நாளுக்கு அதை நம்பலாம். பிறந்த நாளுக்கு நம்புவதற்கு முன், "தகவல் தந்தவர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெற்றவரா, பிற்காலத்தில் பழகியவரா என்பதைப் பொறுத்து அந்த வரியின் மதிப்பு மாறும்.

படக் கம்பெனிகளின் விளம்பரப் பிரிவு சொன்னதை, வேறு ஆதாரம் கிடைக்கும்வரை கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீடா பாரா என்ற மௌனப்பட நடிகையை சஹாராவில் பிறந்தவர் என்று ஃபாக்ஸ் கம்பெனி ஊரெல்லாம் சொல்லிற்று. அவர் ஒஹாயோவின் சின்சினாட்டியில் 1885-இல் தியோடோசியா குட்மேனாகப் பிறந்தவர்.

அந்தச் சாவுப் புரளிக்கு வருகிறேன். இதன் மூல ஆவணம் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1910 மார்ச்சில் 'மூவிங் பிக்சர் வேர்ல்டு' என்ற தொழில் இதழில், ஃப்ளோரன்ஸ் அப்போது நடித்துவந்த இம்ப் என்ற படக் கம்பெனி கொடுத்த விளம்பரம் அது. மிஸ் லாரன்ஸ் டிராம் மோதி இறந்துவிட்டார் என்று செயின்ட் லூயிஸ் நகர மக்களிடம் இம்ப்பின் எதிரிகள் பொய் பரப்பினார்கள், அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, கையோடு அடுத்து வரும் படங்களின் பெயர்களையும் அடுக்குகிறது. அந்த மாதமே அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அழைத்துப்போய் ரசிகர்கள் முன் நிறுத்தினார்கள். புரளியைக் கிளப்பியதே இம்ப் முதலாளி கார்ல் லெம்லிதான் என்பது பின்னால் எழுதியவர்களின் கூற்று. விபத்து நியூயார்க்கில் நடந்ததாகச் சொல்லப்பட்டது என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். விளம்பரத்தில் உள்ள ஊர் செயின்ட் லூயிஸ்தான். ஆதாயம் யாருக்கு என்று பார்த்தால் லெம்லி மீது சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. "மறுப்பு விளம்பரம் வெளியிட்டது இம்ப், புரளியையும் அதுவே கிளப்பியதாக வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்" என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

மூல ஆவணமே ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தெழுதக் கூடாது. அதே விளம்பரத்தில் 'தி புரோக்கன் ஓத்' என்ற படத்தின் பெயர் 'தி புரோக்கன் பாத்' என்று அச்சாகிவிட்டது. உடைந்த சபதம் உடைந்த குளியல் ஆகிவிட்டது! அதை அப்படியே எடுத்துப் பட்டியலில் சேர்த்தால், இல்லாத ஒரு படம் பிறந்துவிடும்.

முதல் திரை நட்சத்திரம் என்று ஃப்ளோரன்ஸுக்குச் சூட்டப்படும் பட்டத்தை அடைமொழியாக வேண்டுமானால் குறிப்பிடுங்கள், தீர்ப்பாக எழுதாதீர்கள். கேலம் என்ற வேறொரு படக் கம்பெனி தன் நடிகர்களின் பெயரைப் படத்தோடு 1910 ஜனவரியிலேயே அந்த இதழில் வெளியிட்டுவிட்டது. இம்ப்புக்கு முன் அவர் நடித்தது பயோகிராஃப் என்ற படக் கம்பெனியில். அங்கே கிடைத்த "பயோகிராஃப் பெண்" என்ற பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் அங்கிருந்து விலகியபின் நடிகை மேரி பிக்ஃபோர்டையும் ரசிகர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அவரும் பிறகு இம்ப்புக்கே போனார். 1910 செய்தி ஒன்றில் பெயர் இல்லாமல் அந்த அடைமொழி மட்டும் இருந்தால், அது எந்தப் பெண் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேட்டன்ட் செய்தியைச் சரிபார்ப்பது எளிது, ஏனென்றால் அமெரிக்க பேட்டன்ட்கள் முழுவதும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. ஃப்ளோரன்ஸ் காருக்குக் கைகாட்டி போன்ற ஒரு சைகைக் கருவியையும், பிரேக்கை மிதித்தால் 'நில்' என்று பலகை எழும்பும் ஏற்பாட்டையும் உருவாக்கினார். ஆனால் பேட்டன்ட் வாங்கவில்லை. வாங்கியவர் தாய் சார்லட், அதுவும் 1917-இல், மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடித் துடைப்பானுக்கு. இரண்டு பெண்களின் உழைப்பு காலப்போக்கில் ஒருவர் பெயரில் கலந்துவிட்டது. தயவுசெய்து உங்கள் கட்டுரையில் தாய்க்கு உரியதைத் தாய்க்கே கொடுங்கள்.

கடைசியாக 300 படங்கள். "ஏறக்குறைய" என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். ஃப்ளோரன்ஸ் அங்கே நடித்த நாட்களில் பயோகிராஃப் தன் நடிகர்களின் பெயரை வெளியிடவில்லை. அந்தக் காலப் பட்டியல்களெல்லாம் பிற்காலத்தில் முகத்தை அடையாளம் கண்டு தொகுத்தவை. அந்த வேலையை நீங்களும் செய்ய முடியும். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்ற இனமே கிடையாது. ஆகவே கம்பெனிகள் படச்சுருள் முழுவதையும் காகிதத்தில் புகைப்படங்களாக அச்சிட்டு வாஷிங்டனில் பதிவு செய்தன. ஃபிலிம் எரிந்தும் சிதைந்தும் போனது, காகிதம் தங்கிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள அந்தக் காகிதங்களிலிருந்து மறுபடி உருவாக்கிய 1908, 1909 பயோகிராஃப் படங்கள் பல இன்று காணக் கிடைக்கின்றன. ஃப்ளோரன்ஸ் என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு படங்களை முதலில் பார்த்து அவர் முகத்தையும் நடையையும் மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு சந்தேகமானவற்றைப் போட்டுப் பாருங்கள். அதே கம்பெனியில் அதே ஆண்டுகளில் நடித்த மேரியன் லெனர்டை அவரென்று எண்ணிவிடாமல் இருக்க அதுதான் வழி. மலரில் போடவிருக்கும் புகைப்படத்தையும் அந்த முகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.