கன்சல்டிங் வேலைக்கு எந்த மேலாண்மைப் பட்டம்? கேள்வி பதில்

கேள்வி: இளநிலைப் படிப்பு இவ்வாண்டு முடிகிறது. உடனே எம்.பி.ஏ. சேரலாமா, அல்லது எம்.ஐ.எம். எனப்படும் மேலாண்மை முதுநிலைப் பட்டம் போதுமா?

பதில்: வேலை அனுபவம் இல்லாதவர்களுக்காகவே எம்.ஐ.எம். வகுக்கப்பட்டது, பெயர்பெற்ற எம்.பி.ஏ. வகுப்புகளிலோ நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருவோரே மிகுதி. கன்சல்டிங் எனப்படும், பிற நிறுவனங்களின் தொழில் சிக்கல்களுக்கு வழிசொல்லும் ஆலோசனை நிறுவனங்கள் எந்தப் படிநிலைக்கு ஆள் தேவை என்பதை முடிவுசெய்துகொண்டுதான் கல்லூரி வளாகத்திற்கு வருகின்றன. எம்.ஐ.எம். முடித்தவர்கள் பொதுவாக இளநிலைப் பட்டதாரிகளுடன் தொடக்கப் படியிலும், எம்.பி.ஏ. முடித்தவர்கள் அதற்கு அடுத்த படியிலும் (பெரிய ஆலோசனை நிறுவனங்களான மெக்கின்சியில் அசோசியேட், பி.சி.ஜி.யிலும் பெயினிலும் கன்சல்டன்ட் என்ற பதவி) சேர்க்கப்படுகிறார்கள். அனுபவமின்றி எம்.பி.ஏ. முடித்தால் அந்த அடுத்த படிக்கு நீங்கள் இளையவர், தொடக்கப் படிக்குக் கூடுதலாகப் படித்தவர் என்ற இரண்டுங்கெட்டான் நிலை வரக்கூடும். சில நாடுகளில் புதிய பட்டதாரிகளையே பெருமளவில் சேர்க்கும் இரண்டாண்டுப் படிப்புகள் உள்ளன. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: மென்பொருள் துறையில் 5 ஆண்டு அனுபவம் உண்டு. ஓராண்டு எம்.பி.ஏ.வா, இரண்டாண்டா?

பதில்: துறை மாறுகிறவருக்கு இரண்டாண்டுப் படிப்பே நல்லது என்பது என் கருத்து. இரு ஆண்டுகளுக்கும் இடையிலான கோடை விடுமுறையில் ஆலோசனை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்யலாம். அங்கு நன்றாகச் செயல்படுகிறவர்களுக்குப் படிப்பு முடியும் முன்பே வேலை உறுதியாகிவிடுவது வழக்கம். பிரான்ஸைச் சேர்ந்த மேலாண்மைக் கல்லூரியான இன்சியாடின் எம்.பி.ஏ. படிப்பு 10 மாதமே என்பதால் சம்பள இழப்பு குறைவு. ஆனால் பாடங்கள் பிடிபடும் முன்பே வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டியிருக்கும். அங்கேயும் ஜனவரியில் சேருவோருக்குக் கோடை இடைவெளி உண்டு, ஆகஸ்டில் சேருவோருக்கு இல்லை. விண்ணப்பிக்கும் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே ஆலோசனைத் துறையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்காகப் படிப்பவருக்கு ஓராண்டே போதும்.

கேள்வி: பிசினஸ் அனலிட்டிக்ஸ் (வணிகத் தரவுப் பகுப்பாய்வு) முதுநிலைப் பட்டம் உதவுமா?

பதில்: மெக்கின்சியின் குவாண்டம்பிளாக், பி.சி.ஜி. எக்ஸ் போன்ற தரவுப் பிரிவுகளில் சேர உதவும். அங்கிருந்து பொது ஆலோசனைப் பணிக்கு மாறுவது தானாக நடந்துவிடாது. அதுதான் இலக்கு என்றால் இந்தப் பட்டம் சுற்றுவழி.

கேள்வி: நூற்றுக்கு முப்பது பேர் கன்சல்டிங்கில் சேர்ந்ததாக ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?

பதில்: எண் உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த முப்பது பேர் யார் என்று கேளுங்கள். ஆலோசனை நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் சிலருக்குத் தாமே கட்டணம் செலுத்தி, படித்து முடித்ததும் திரும்பி வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்புகின்றன. உதாரணத்துக்கு, முப்பதில் பத்துப் பேர் அப்படித் திரும்பியவர்கள் என்றால், வெளியிலிருந்து வந்து வேலை பெற்றவர்கள் இருபது பேர்தான். அடுத்து, எந்த நாட்டு அலுவலகங்கள் ஆள் எடுத்தன என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அறிக்கையில் இருந்தாலும், நீங்கள் வேலை செய்ய விரும்பும் நாட்டின் அலுவலகம் அந்த வளாகத்திற்கு வருவதே இல்லை என்றால் அதனால் உங்களுக்குப் பயன் குறைவு. இந்த இரண்டையும் சேர்க்கை அலுவலகத்தைவிட, சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள். தரவரிசைப் பட்டியலுக்கு நான் இவ்வளவு நேரம் செலவிடமாட்டேன்.

கேள்வி: முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். அதற்கு மேல் எம்.பி.ஏ.வும் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் முனைவர்களையும் மருத்துவர்களையும் நேரடியாகவே எடுத்து, வணிக அடிப்படைகளைச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்கின்றன.

கேள்வி: பகுதிநேர எம்.பி.ஏ.?

பதில்: வளாகத் தேர்வில் பகுதிநேர மாணவர்களுக்கும் இடம் உண்டா என்பதைக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து அலசச் சொல்லும் கேஸ் நேர்காணலுக்கு நிதி சார்ந்த பட்டம் கூடுதல் பலமா?

பதில்: அதிகமில்லை. ‘ஒரு சிமென்ட் நிறுவனத்தின் லாபம் இரண்டு ஆண்டுகளாகக் குறைகிறது, ஏன்?’ என்று கேட்டால், வரவு, செலவு எனப் பிரித்து, வரவை விலை, விற்பனை அளவு என மேலும் பிரித்து, எந்தக் கிளையில் சரிவு என்பதை வாய்விட்டு விளக்கியபடியே காகிதத்தில் கணக்குப் போட வேண்டும். இதற்குத் தேவை பெருக்கல், வகுத்தல், சதவீதம் ஆகியவைதான். தடுமாறுகிறவர்களில் பலருக்குக் கணக்கு தெரியும். கணக்கைப் போட்டுக்கொண்டே பேசத்தான் வராது. அதனால் நண்பர் ஒருவரை நேர்காணல் செய்பவராக அமர்த்திப் பழகுங்கள், ஓராண்டுப் படிப்பு என்றால் கல்லூரி திறக்கும் முன்பே.