பிளெண்டரை மேலே தூக்கி வையுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

மகனுக்கு ஒன்றரை வயது. சோறு, பருப்பு எல்லாம் பிளெண்டரில் அடித்துத்தான் கொடுக்கிறோம். கட்டி பட்டால் ஓங்கரிக்கிறான். (தலவாக்கலை)

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கூழ் 6 மாதத்தில் தொடங்கும்போது மட்டும்தான். 8 மாதத்தில் கையால் எடுத்துத் தின்னும் துண்டு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. மெல்லுவது பழகித்தான் வரும்: நாக்கு உணவைக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும், தாடை பக்கவாட்டில் அரைக்க வேண்டும். 9, 10 மாதத்துக்குள் கட்டி உணவைக் காணாத பிள்ளைகள் பிறகு சாப்பாட்டில் அடம்பிடிப்பது அதிகம்.

இந்த வாரம் கரண்டியால் மசித்த சோறு. அடுத்த வாரம் மசிக்காத குழைந்த சோறு, விரல் நீளத்துக்கு அவித்த கரட். அப்புறம் பருப்பில் தோய்த்த ரொட்டி. உட்கார வைத்து, பக்கத்திலிருந்து கொடுங்கள். ஓங்கரித்தால் சத்தம் வரும், பயப்படாதீர்கள்; தொண்டை அடைத்தால்தான் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால் கிளினிக்கில் காட்டுங்கள்.

தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் கொடுத்தால் அதையும் நிறுத்துங்கள். மெல்லுவதற்கு அதில் ஒன்றுமில்லை, சீனி பல்லில் ஒட்டும், தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இதை எத்தனை முறை எழுதுவது!

பிள்ளை மெல்லுவதே இல்லை. என்ன செய்வது? (ஹட்டன்)

10 மாதமா, 10 வயதா? வயதை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? வாயில் சொத்தைப் பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மென்மையான சாப்பாட்டால் தாடை சிறுக்குமா? (மாணவி, பண்டாரவளை)

மென்மையான தீனியில் வளர்த்த எலிகளுக்குக் கன்னத்துத் தசை மெலிந்து, தாடை எலும்பும் சிறுத்தது. மனிதருக்குத் தாடையில் இடம் போதாமல் பல் நெருக்கமாக முளைப்பதில் பரம்பரைக்கும் விரல் சூப்பும் பழக்கத்துக்கும்கூடப் பங்குண்டு. பழியைச் சாப்பாட்டின் மேல் மட்டும் போடாதீர்கள்.

அம்மாவுக்கு 70. பல்செட் கட்டியதிலிருந்து கஞ்சி மட்டும்தான். (பதுளை)

முழு செட்டால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால்வாசிதான். ஆனாலும் கஞ்சியோடு நின்றால் தசை இன்னும் தளரும், உடம்பும் மெலியும். மீன், முட்டை, அவித்த மரக்கறி, எல்லாம் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் மென்று. செட் ஆடினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வெற்றிலை போடுவது தாடைக்குப் பயிற்சிதானே? (நுவரெலியா)

இல்லவே இல்லை. பாக்கு புற்றுநோய் தரும். கன்னத்துச் சதை இறுகி வாய் திறப்பதும் குறையும். வாய்க்குள் மூன்று விரல் நுழையாவிட்டால் உடனே பல் டாக்டரிடம் போங்கள்.

மூன்று வயதுக்குக் கச்சான் (நிலக்கடலை) கொடுக்கலாமா? (மஸ்கெலியா)

5 வயதுவரை முழுசாகக் கூடாது. இடித்துச் சோற்றில் கலந்து கொடுங்கள், உட்கார வைத்து.