கம்பெனி காட்டும் கணக்கு போதுமா?

கேள்வி: கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்கள் ஆராய்ச்சிக்கென்றே பெரும்பணம் செலவழிக்கின்றன. பல்கலைக்கழகங்கள் கேட்டால் தரவும் தருகின்றன. அப்புறம் மக்கள் வரிப்பணத்தில் இணையத்தைப் பற்றித் தனி ஆராய்ச்சி எதற்கு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அவர்கள் தந்த தரவையே பார்ப்போம். சமூக ஊடகம் பொதுவாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய, மெட்டாவின் ஃபேஸ்புக் ஒரு பெரிய தரவுத் தொகுப்பைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருந்தது. 2021இல் இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாபியோ ஜில்யெட்டோ அந்த எண்களை, ஃபேஸ்புக் பொதுவில் வெளியிட்ட ஓர் அறிக்கையோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளறிப் பார்த்தால், அமெரிக்கப் பயனர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தொகுப்பிலேயே இல்லை. அரசியல் சாய்வு பிடிபடாதவர்கள் எல்லாரும் விடுபட்டிருந்தார்கள். தெரியாமல் நடந்த பிழை என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பிழையாகவே இருக்கட்டும். அந்தத் தரவை நம்பி மாதக்கணக்கில் உழைத்தவர்களின் ஆய்வை யார் மீட்டுத் தருவது? மூலக் கணக்கு கம்பெனியின் கையில் மட்டும் இருக்கும்வரை, அடுத்த பிழையையும் யாராவது தற்செயலாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கம்பெனியை நம்பாமல் நாமே திரட்டலாம் என்றால்? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தார்கள். விருப்பமுள்ளவர்கள் தங்கள் பிரவுசரில் ஒரு சிறு நிரலைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குக் காட்டப்படும் அரசியல் விளம்பரம் எது, அதை ஏன் அவர்களுக்குக் காட்டினார்கள் என்ற விவரத்தை அது ஆய்வாளர்களுக்கு அனுப்பியது. 2021 ஆகஸ்டில் அந்த ஆய்வாளர்களின் கணக்குகளை ஃபேஸ்புக் முடக்கியது. பயனர் தனியுரிமை பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட உத்தரவைக் காரணம் காட்டியது. பொதுநலனுக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் ஆய்வுக்கு அந்த உத்தரவு தடையில்லை என்று ஆணையத்திலிருந்தே கடிதம் போனது. வதந்தி எங்கே கிளம்பி எப்படிப் பரவுகிறது என்று பத்திரிகையாளர்கள் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவி மெட்டாவுக்கே சொந்தம்; அதையும் 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். கம்பெனியின் தயவில் நடக்கும் ஆராய்ச்சிக்கு ஆயுள் இவ்வளவுதான்.

வரிப்பணம் ஏன் என்கிறீர்கள். இணையமே வரிப்பணத்தில் பிறந்தது. 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்புக்குப் பணம் போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இணையதளங்களைப் பார்க்க உதவும் வேர்ல்டு வைட் வெப்பை உருவாக்கிய செர்ன், ஐரோப்பிய அரசுகளின் பணத்தில் இயங்கும் ஆய்வுக்கூடம். 1993இல் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. இந்தியாவிலும் 1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டம் மத்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் போட்ட பணத்தில் வளர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு கொண்டது.

ஐரோப்பாவில் இப்போது டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவு இருக்கிறது. மிகப் பெரிய தளங்கள், தகுதி பார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குத் தரவைத் தந்தாக வேண்டும். தகுதியை முடிவு செய்வது கம்பெனி அல்ல, அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு. நம் நாட்டிலோ, 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய சமூக ஊடகங்கள் மாதாமாதம் அறிக்கை வெளியிடுகின்றன. எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை என்பதை அவர்களே எழுதுகிறார்கள். அதை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வழி வேண்டும். 40ஆவது பிரிவு போன்ற ஒன்றை நாமும் கேட்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரசு பணம் தரலாம். எதை ஆராய்வது என்று அரசு சொல்லக்கூடாது. இந்தியாவில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற கணக்கு தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை, உள்துறையிடமும் இல்லை என்று 2021இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே குறை சொன்னது. தன்னார்வ அமைப்புகள் செய்தித்தாள்களைப் பார்த்துப் பார்த்து அதைத் தொகுத்து வருகின்றன. நம் பல்கலைக்கழகங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் முதலில் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது.