சர்க்கரை இறங்கினால் போதுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, உயரம் 150 செ.மீ. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு முன் 54 கிலோ, இப்போது 49. வெறும் வயிற்றில் சர்க்கரை 92. ‘நல்ல கன்ட்ரோல்’ என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி ஒரு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. காய்ச்சல், மறதி, மனக்கவலை எதுவும் இல்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார். இது சரிதானா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: சரியில்லை. சாப்பாடு குறைந்ததாலேயே சர்க்கரை இறங்கியிருக்கலாம். அதைக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீத எடை போனாலே கவனிக்க வேண்டும். இவருக்கு மூன்றே மாதத்தில் 9 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது.

முதல் அவசரம் மாத்திரைதான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு இட்லியோடு படுப்பவருக்கு விடிவதற்குள் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்த்துக் கொட்டினாலோ, உளறினாலோ உடனே குளூக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் டோஸைப் பற்றிப் பேசுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் கெடுக்கும், நாள்பட வைட்டமின் பி12-ஐயும் குறைக்கும். அந்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

முதியோர் மருத்துவத்தில் ஊட்டச்சத்து நிலையை அளக்க எம்.என்.ஏ. சுருக்கப் படிவம் என்று ஒன்று உண்டு. ஆறு கேள்வி, மொத்தம் 14 மதிப்பெண். 12-ம் அதற்கு மேலும் நலம். 8 முதல் 11 வரை அபாயம். 7-ம் அதற்குக் கீழும் ஊட்டச்சத்துக் குறைபாடு. உங்கள் மாமியாருக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாடு ஓரளவு குறைவு: 1. மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் இழப்பு: 0. வீட்டுக்குள் மட்டும் நடமாட்டம்: 1. கடும் நோயோ மன அதிர்ச்சியோ இல்லை: 2. மறதி, மனச்சோர்வு இல்லை: 2. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 21.8: 2. ஆக மொத்தம் 8. சாப்பாடு ‘மிகவும் குறைவு’ என்றால் முதல் விடை 0 ஆகி, 7-க்கு வந்துவிடும். பி.எம்.ஐ.யை மட்டும் பார்ப்பவர்கள் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

எடை ஏன் போகிறது என்பதையும் தேட வேண்டும். காசநோய், தைராய்டு, புற்றுநோய் எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. நீங்கள் பார்க்க வேண்டியது பல்செட். எடை குறைந்தால் ஈறும் சுருங்கும், செட் ஆடும், கடித்துச் சாப்பிடுவது நின்றுபோகும். பிறகு ரசம் சாதமும் நீர்த்த ஓட்ஸ் கஞ்சியும்தான். வயிறு நிறையும், புரதம் சேராது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் இவருக்கு நாளுக்குச் சுமார் 59 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. முட்டை சாப்பிடாதவர் என்றால் கெட்டிப் பருப்பு, குழைய வேகவைத்த சுண்டல், பனீர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சர்க்கரைக்குப் பயந்து சோற்றை அடியோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்பா படுத்த படுக்கை. எடை பார்க்க வழியில்லை. என்ன செய்வது?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தையல் டேப் போதும். முழங்காலை மடக்கி, பாதம் மெத்தையில் படியும்படி வையுங்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தில், சதை அமுங்காமல் டேப்பைச் சுற்றுங்கள். ஒரு விரல் மேலும் கீழும் நகர்த்தி, பெரிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே படிவத்தில் பி.எம்.ஐ.க்குப் பதிலாக இதைப் போடலாம்: 31 செ.மீ.க்குக் கீழே 0, 31-ம் மேலும் 3.

அதற்கு முன் கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது நீர்; அந்த அளவை நம்பாதீர்கள். அப்போது நெற்றிப்பொட்டும் தோள்பட்டைக்கு மேலும் பள்ளமாகியிருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். காலில் ஒரு புண் சீழ் பிடித்திருந்தாலே அது இறங்கிவிடும்.