மடக்குக் கத்தி: முதன்முறை செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து: ஐயா, திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியை முதலிலேயே செய்யலாமா?

வேண்டாம். பூட்டும் வில்தகடும் இல்லாமல் உராய்வினால் மட்டும் நிற்கும் கத்தியைச் செய்யுங்கள். அதன் அலகு பின்புறம் வால்போல் நீண்டிருக்கும்; திறந்து பிடிக்கும்போது அந்த வால் பிடியின் முதுகில் படிந்து உள்ளங்கைக்குள் அகப்பட்டுக்கொள்வதால் அலகு விரல்மேல் மடங்காது. இரும்பைத் தொடுமுன் தடித்த அட்டையில் அலகையும் பிடியையும் வெட்டி, ஊசியால் கோத்து மடக்கிப் பாருங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துளையின் இடத்தை அட்டையிலேயே திருத்திவிடலாம்.

நானுஓயாவிலிருந்து: அலகு செய்ய எடுத்த பழைய அரத்தில் ட்ரில் இறங்கவே மறுக்கிறதே?

அரத்தைச் செந்தணலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் காலையில் எடுங்கள். மெல்ல ஆறிய எஃகு இளகியிருக்கும். அறுப்பது, ராவுவது, 4 மில்லிமீற்றர் துளை போடுவது எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே முடித்துவிட வேண்டும். தேய்ந்த கவ்வாத்துக் கத்தியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது எந்த எஃகு என்று தெரியாததால் ஒரு சிறு துண்டை முதலில் தோய்த்து (அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்கி)ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: தேங்காய் எண்ணெயில் தோய்ச்சல் கொடுக்கலாமா? இங்கே காலையில் அது உறைந்து கிடக்கிறது.

தாராளமாகக் கொடுக்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஆகவே 50 பாகை வரை சூடாக்கி, தகர டின்னில் அலகு முழுவதும் மூழ்குமளவு ஊற்றிக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத வெப்பத்தை (ஏறத்தாழ 770 பாகை) அலகு சற்றே தாண்டியதும், நுனி முதலில் இறங்கும்படி நேராக எண்ணெய்க்குள் இறக்குங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. அலகையும் தண்ணீரில் தோய்க்காதீர்கள். என் முதல் அலகை அப்படித் தோய்த்தபோது "டிக்" என்று மெல்லிய ஓசை கேட்டது. துடைத்துப் பார்த்தால் துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல் ஒரு வெடிப்பு.

தோய்த்த அலகு கண்ணாடிபோல் உடையக்கூடியது. அதனால் அதே நாளில் சாம்பல் நிறத்தைத் தேய்த்து நீக்கி, கேக் சுடும் அவனில் 200 பாகையில் ஒரு மணிநேரமாக இருமுறை வைத்தெடுங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் போதும். நீலம் ஏறினால் கூர் நிலைக்காது.

பண்டாரவளையிலிருந்து: மழைக்காலத்தில் அலகு இறுகிவிடுகிறது, வெயிலில் ஆடுகிறது. என்ன செய்வது?

பச்சைக் கட்டையில் பிடி போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வடகீழ்ப் பருவமழையில் மரம் ஊதி அலகை நெரிக்கும். பழைய தேயிலை மரக்கட்டையை மாதக்கணக்கில் உலரவைத்துப் பயன்படுத்துங்கள். அலகின் இருபுறமும் மெல்லிய பித்தளை வாஷர் போடுங்கள். அலகையும் பிடியையும் துளை வழியே கோக்கும் ஆணியைத் தட்டி இறுக்குகையில் வாஷருக்கும் பிடிக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டுக்கு ஒருமுறை அலகை அசைத்துப் பார்த்து, பிறகு காகிதத்தை இழுத்துவிட்டால், அது இருந்த இடமே அலகுக்கு வேண்டிய இடைவெளியாகிவிடும்.