கண்ணெதிரே ஒரு பெண்ணை அடிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் ஏன் தடுப்பதில்லை?

கேள்வி கேட்டவர், பேருந்து நிலையத்தில் ஒருவன் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததையும் சுற்றி நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்த்ததையும் எழுதிவிட்டு, "மனிதாபிமானம் செத்துவிட்டதா?" என்று முடித்திருக்கிறார். அந்த அத்தனை பேரில் அவரும் ஒருவர் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் வராது. குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவன் அறைந்ததும் உங்கள் மனதில் முதலில் ஓடியது என்ன? "இவன் யாரு, புருஷனா?" என்பதுதானே? "ஆமாம் போல" என்று தோன்றியதும் கால் நின்றுவிட்டது. என் பதில் அவ்வளவுதான். அதே இடத்தில் அதே பெண்ணின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடியிருந்தால், அந்தக் கூட்டமே துரத்திப் பிடித்துப் பின்னி எடுத்திருக்கும்.

என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவள் பாடத்தில் இதெல்லாம் வருகிறது. 1964-ல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணைப் பின்னிரவில் ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். 38 பேர் பார்த்தும் யாரும் அசையவில்லை என்று பத்திரிகையில் வந்து உலகமே பேசியது. அந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கியது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் சிலர் "காதலர்கள் சண்டை என்று நினைத்தோம்" என்று சொன்னது அப்படியே இருக்கிறது. அதன்பிறகு நிறைய ஆராய்ச்சி. ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள் என்கிறார்கள். சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், 1976-ல் அமெரிக்காவில் வந்த வேறொரு ஆராய்ச்சிதான் நம் ஊருக்குப் பொருந்தும். நடிகர்களை வைத்து, ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவது போல் நடிக்க விட்டார்கள். அவள் "உன்னை யாருன்னே எனக்குத் தெரியாது" என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னைப் போய் ஏன் கட்டினேனோ" என்று கத்தியபோது 19 சதவீதம். ஆட்களும் அடியும் ஒன்றுதான், தாலி மட்டும்தான் வித்தியாசம்.

இதை என் மகள் படித்துக் காட்டியபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருந்தவள்.

பொதுச்சுவர் வைத்த வீடுகள். பக்கத்து வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி குடிவந்தது. இரண்டு பேருமே பனியன் கம்பெனி. சம்பள நாள் ஆனால் சத்தம் வரும். முதலில் பாத்திரம் விழும், அப்புறம் அந்தப் பெண்ணின் குரல். உடனே லைனில் இருக்கும் எல்லா வீட்டு டிவியிலும் சத்தம் ஏறும். கவனித்துப் பாருங்கள், உங்கள் தெருவிலும் ஏறும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலே எதிர் வீட்டிலிருந்தும் இரட்டையாகக் கேட்கும்.

ஒருநாள் ராத்திரி டிவியையும் மீறிக் கேட்டது. எல்லாரும் வாசலுக்கு வந்தோம். வந்து என்ன செய்தோம்? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிர் வீட்டு கட்டிங் மாஸ்டர் நல்ல வாட்டசாட்டமான ஆள். தோளில் துண்டோடு நின்றுகொண்டு, "உடுங்க்கா, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். காலைல சேந்துக்குவாங்க, நாமதான் கெட்டவங்களாயிருவோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவரே அவர்தான்.

நான் தையல்காரி. கையில் முடிக்காத பிளவுஸ் ஒன்று இருந்தது. அதோடு போய்க் கதவைத் தட்டினேன். அவன் திறந்தான். செல்போன் சார்ஜர் வயரை இரண்டாக மடித்துக் கையில் சுற்றியிருந்தான். அவனை நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் தோளைத் தாண்டி உள்ளே பார்த்து, "கண்ணு, காலைல முகூர்த்தத்துக்குக் குடுக்கோணும், கொக்கி கட்ட ஆளில்ல. ஒரு கை குடுத்துட்டுப் போ வா சாமி" என்றேன். ராத்திரி பத்து மணிக்குக் கொக்கி கட்டக் கூப்பிடுவது பொய் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் என்ன சொல்லி மறுப்பான்? அவள் செருப்பு கூடப் போடாமல் வந்துவிட்டாள். உட்கார்ந்து நிஜமாகவே கொக்கி கட்டினாள். முழங்கைக்கு மேலே வயர் பட்ட இடம் தடித்திருந்தது.

அதன்பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம். நான் படி ஏறியதும் கட்டிங் மாஸ்டரும் பின்னாலேயே வந்து அவன் தோளில் கை போட்டு, "வா மாப்ள, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். மனம் இல்லாதவர்களா இவர்கள்? யாராவது முதல் படி ஏறட்டும் என்று காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பாராட்டு விழா நடந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் வீட்டார் வந்து லைன் நடுவில் நின்று, நான்தான் குடும்பத்தைப் பிரித்தேன் என்று கத்திவிட்டுப் போனார்கள். குழாயடியில் சில பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். "உன்னால எனக்கு வீட்டுப் பேரு கெடுது" என்று ஓனரம்மா காலி பண்ணச் சொல்லிவிட்டார். சரி, போகிறேன் அட்வான்ஸைக் கொடுங்கள் என்றால், பெயின்டுக்கு இவ்வளவு, ஆணி அடித்த ஓட்டைக்கு இவ்வளவு என்று பிடித்தார். நான் குடிவரும்போதே அந்தச் சுவரில் பெயின்ட் உரிந்துதான் இருந்தது!      

இதற்குக் கீழே என்னென்ன பின்னூட்டம் வரும் என்று தெரியும். "எல்லா ஆண்களும் இப்படியா?" இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. என் கணவர் நான் தட்டும்போது எனக்குத் துணையாக வாசலிலேயே நின்றார். "பெண்கள் பொய்ப் புகார் கொடுப்பதில்லையா?" நான் பார்த்தது தடித்த கை. "கையில் கத்தி இருந்தால் தட்டுவீர்களா?" மாட்டேன், நீங்களும் தட்டாதீர்கள். அவசர உதவி எண் 112-க்கு அடியுங்கள். நான் சமூக சேவகியும் இல்லை, தைரியசாலியும் இல்லை.

"நமக்கு எதுக்கு கேஸு, கோர்ட்டு" என்பவர்களுக்கு ஒன்று. 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் 4-வது பிரிவைப் படியுங்கள். அடிபட்டவள்தான் வரவேண்டும் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் அந்த அலுவலர் யார் என்று சொல்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணலாம்.

உங்கள் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். அடிப்பவனிடம் நியாயம் கேட்கப் போனால் "என் பொண்டாட்டி, நீ யார்றா?" என்பான், கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் அவளிடம் பேசுங்கள். "ஏனுங்க்கா, பல்லடம் பஸ் போயிருச்சுங்களா?" என்று பக்கத்தில் போய் நின்றாலே ஓங்கிய கை கொஞ்சம் தயங்கும். போலீஸைக் கூப்பிட வேண்டுமென்றால் "யாராச்சும் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள், ஒருத்தரும் நகரமாட்டார்கள். ஒரே ஆளைக் கைகாட்டி, "சிவப்புச் சட்டை அண்ணா, நீங்க போலீசைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.