மாம்பழக்கூழ் டப்பாவும் எழுத்து நெறியும்

கிருஷ்ணகிரியில் நண்பர்களோடு நடத்தும் வலைப்பூவுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும், ஆலை ஒன்று இலவசமாகக் கொடுத்த மாம்பழக்கூழ் டப்பாக்களைப் புகழ்ந்து எழுதியது தவறா என்றும் கேட்டிருந்தீர்கள். பிடித்திருந்தால் புகழலாம், இலவசமாகப் பெற்றதை மறைத்ததே தவறு. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பணத்தோடு இலவசப் பொருளையும் சேர்த்தே கணக்கில் எடுப்பதால், "டப்பாக்கள் ஆலை கொடுத்தவை" என்ற வரியைப் பதிவின் அடியில் அல்ல, தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். பழைய பதிவைச் சத்தமில்லாமல் திருத்தாமல், திருத்திய தேதியையும் எழுதுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குச் செய்திகள்தான். சிறுமியின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர், பள்ளி, தந்தையின் தொழில் என்று எழுதினால், வாரச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். 2012ஆம் ஆண்டின் அந்தப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பள்ளி, குடும்பம், சுற்றுப்புற விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது.